என் சகலையின் நான்காவது ப்ரீஆம்ப்

என் சகலை நான்காவது ப்ரீஆம்ப் வாங்கிவிட்ட செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் செல்போனுக்கு வந்தது. வெறும் செய்தி இல்லை. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படங்கள், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி. சோப்பு டப்பாவை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதை எந்தப் பக்கம் திருப்பிப் படம் எடுத்தாலும் பெட்டியாகத்தான் இருக்கும் என்பது அந்த மனுஷனுக்கு ஏன் உறைக்கவில்லையோ!

ப்ரீஆம்ப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதுவரை எனக்கும் சரியாகத் தெரியாது. இசைத்தட்டின் மேல் ஊசி உரசும்போது கிளம்பும் சத்தம் மிகச் சின்னது. கொசு தொண்டையைச் செருமினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். அதைப் பெரிதாக்கி, ஒழுங்குபடுத்தி, ஸ்பீக்கருக்கோ கம்ப்யூட்டருக்கோ அனுப்பும் இடைத்தரகர்தான் ப்ரீஆம்ப். ஒரு வீட்டுக்கு ஒன்று போதும். என் சகலை லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்துக்கு நாலு லிஃப்ட் பார்த்துப் பழகியவர் என்பதால் நாலு வாங்கிவிட்டார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குத் தெளிவு காட்டுவது என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் இந்த வம்பில் எப்படி மாட்டினேன் என்பதற்கு முப்பத்தாறு வருஷத்துக் கதை இருக்கிறது.

என் மனைவிக்கும் அவள் அக்காவுக்கும் ஒரு பாட்டால் சண்டை. அவர்கள் அப்பா ஒரு சிமெண்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சேர்ந்திசைக் குழு இருந்தது. தொழிற்சாலையின் வெள்ளிவிழாவுக்கு அந்தக் குழுவை வைத்து ஓர் இசைத்தட்டு போட்டார்கள். இரண்டாம் பக்கத்தின் நான்காவது பாட்டின் ஆரம்பத்தில் மட்டும் நாற்பது விநாடி ஒரு பெண் குரல் தனியாகப் பாடும். அந்த நாற்பது விநாடி யாருடையது என்பதுதான் சண்டை.

அக்காவுக்குத்தான் அந்தத் தனிக்குரல் என்று முதலில் முடிவாகியிருந்தது. பதிவு நாளன்று அக்காவுக்குக் கடும் ஜலதோஷம். பாட்டு வாத்தியார் எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை தங்கையைப் பாட வைத்துப் பதிந்தார். பிறகு மனசு கேட்காமல் இன்னொரு முறை அக்காவைப் பாட வைத்துப் பதிந்தார். தட்டில் ஏறியது எந்தப் பதிவு என்று யாரிடமும் சொல்லாமலே அவர் காலமாகிவிட்டார். உறையில் 'குழுவினர்' என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. அன்றிலிருந்து என் மனைவி "நான்தான்" என்கிறாள். அவள் அக்கா "நான்தான்" என்கிறார். ஆளுக்கொரு தட்டு வைத்திருந்தார்கள். கேட்கும்போதெல்லாம் ஆளுக்கு அவரவர் குரலே கேட்டது. அதில் ஆச்சரியம் என்ன, கண்ணாடிக் கடையில் நான் தினமும் பார்ப்பதுதான். எழுத்து தெரியாவிட்டாலும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பேச்சு முற்றி, அண்ணி எங்கள் வாசல்படி மிதிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணி என்று நான் சொல்வது என் மனைவியின் அக்காவைத்தான். பேச்சு போனில் மட்டும், அதுவும் அவசியத்துக்கு மட்டும்.

இந்த நிலையில்தான் தொழிற்சாலைப் பழைய குடும்பங்களெல்லாம் ஒன்றுகூடப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. கூட்டத்தில் அந்தப் பாட்டைப் போட்டு, தனிக்குரல் பாடியவரை மேடைக்குக் கூப்பிட்டு, மறுபடி பாட வைப்பார்களாம். பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம், எங்கள் வீட்டுத் தட்டில் ஒரு கீறல்கூட இல்லை. என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் ஓரத்தில்தான் பிடிப்பாள்.

"நல்லா தெளிவா ஏத்துங்க. கேட்டா யாருன்னு எல்லாருக்கும் தெரியணும்" என்றாள்.

"தெரியும்."

"என் குரல் கனமான குரல். அக்காவுது கீச்சுன்னு இருக்கும். தெளிவா இருந்தா ஒரு செகண்டுல தெரிஞ்சுடும்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று மேடையில் கும்பிடு போட்டுப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இந்தப் பாட்டு அவளுடையதாக இருந்தே தீரவேண்டும் என்று அந்த நிமிஷமே நான் கட்சி மாறிவிட்டேன். அதற்கு முன் நான் நடுநிலை.

முதலில் ப்ரீஆம்ப் இல்லாமலேயே சமாளிக்கப் பார்த்தேன். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் வயரைக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் செருகு, பதிவு செய்யும் மென்பொருளில் 'இசைத்தட்டுத் திருத்தம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடு, போதும் என்று இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். செருகினேன், டிக் போட்டேன். பாட்டு வந்தது. கூடவே இரைச்சலும் வந்தது. தகரக் கொட்டகைக்கு மேல் மழை பெய்ய, உள்ளே யாரோ ஒரு பெண் பாடுகிறாள். அது என் மனைவியாகவும் இருக்கலாம், அவள் அக்காவாகவும் இருக்கலாம், வாத்தியாராகவும் இருக்கலாம்.

சகலைக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. "என்னோட ரெண்டாவது பெட்டி சும்மாதான் கெடக்கு சகல, எடுத்துக்குங்க" என்றார். அவர் கழித்துக்கட்டியதை நான் வாங்கிக்கொள்வதா? "தேவையில்ல சகல, நானே பார்த்துக்கறேன்" என்று மிடுக்காகச் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

அந்தக் கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. கடைக்காரருக்கு 'வால்யூம்' என்று பட்டப்பெயர். அவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும் என்பதால் வைத்த பெயர். காதுக்குச் சேதம் வரக்கூடாது என்று சொந்தத் தொண்டையையே அடக்கி வைத்திருந்தார்.

மைக் ஓட்டை, டிக் கதையையெல்லாம் நான் சொல்லக் கேட்டுவிட்டு, மேஜையில் மூன்று ப்ரீஆம்ப் எடுத்து வைத்தார். ஒன்று மலிவு, ஒன்று நடுத்தரம், ஒன்று என் சகலை வாங்கிய அதே கறுப்புப் பெட்டி. ஹெட்போனை என் தலையில் மாட்டி, தட்டைச் சுற்றவிட்டு, ஊசியை வைக்காமல் மேலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு வரலையே" என்றேன்.

"பாட்டை எல்லாம் கேக்காதீங்க. எந்தப் பெட்டியிலயும் பாட்டு நல்லாத்தான் இருக்கும். பாட்டு இல்லாதப்ப என்ன கேக்குதுன்னு பாருங்க."

கேட்டேன். மலிவுப் பெட்டியில் யாரோ மணல் சலித்தார்கள். நடுத்தரத்தில் பக்கத்து வீட்டு மின்விசிறி ஓடியது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை; என் காது எனக்கே கேட்டது.

"மூணாவது" என்றேன், உடனே.

"வேண்டாம். உங்க டர்ன்டேபிள் மோட்டார் போடற சத்தம் அந்த வித்தியாசத்தை முழுங்கிடும். நடுவுல இருக்கறதே உங்களுக்கு அதிகம்" என்றார். விற்க வந்த மனுஷன் விற்கமாட்டேன் என்று நின்றால் என்ன செய்வது? என் சகலை மட்டும் மூன்றாவதை வாங்கியிருக்கிறாரே என்று முறையிட்டேன்.

"லிஃப்ட்காரரா? நாலும் என்கிட்ட வாங்கினதுதான். அவர் விஷயமே வேற. ஒவ்வொரு தடவையும் அவர் தட்டைக் கொண்டாந்து, ஒரு பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முந்தி இருக்கற எடத்தையே போட்டுப் போட்டுக் கேப்பார். பாட்டு வந்ததும் ஊசிய எடுத்துடுவார்."

ஓஹோ, பாட்டு இல்லாதபோது கேட்கும் வித்தையை இவரிடம்தான் படித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நடுத்தரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதை மாட்டிப் பாட்டைப் போட்டேன். அடேயப்பா! தகரக் கொட்டகை போய்விட்டது, மழை போய்விட்டது. தபேலா அடித்தால் மேஜை அதிர்ந்தது. தனிக்குரல் வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கனமான, ஆழமான, அடித்தொண்டையிலிருந்து வரும் குரல். சந்தேகமே இல்லை. என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து கதவருகில் நின்றாள். நாற்பது விநாடியும் அவள் இமை கொட்டவில்லை.

"சொன்னேன்ல?" என்றாள்.

நான் பாட்டின் முன்னும் பின்னும் இருந்த வெற்றிடத்தைக் கறாராக வெட்டி எறிந்தேன். ஃபிரேமுக்குக் கண்ணாடி வெட்டுகிற கை, ஒரு மயிரிழை மிச்சம் வைக்காது. வெட்டியதை அப்படியே தொழிற்சாலைக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் இருந்த அறுபது பேருக்கும் அனுப்பினேன். பாராட்டு மழை. "அப்பவே தெரியும்", "என்ன கனம், என்ன கனம்" என்று ஒரே அமர்க்களம். கொஞ்சம் அமுங்கிக் கேட்கிறதே என்று ஒருவர் மட்டும் கேட்டார். பழைய தட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நாலு பேர் அவர் வாயை அடைத்தார்கள்.

அண்ணியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. சகலையிடமிருந்து மட்டும் தனியாக ஒரு செய்தி: 'பாட்டுக்கு முந்தி கொஞ்சம் விட்டு அனுப்ப முடியுமா சகல?' தோற்றவர்கள் இப்படித்தான் ஏதாவது நொட்டை சொல்வார்கள் என்று நான் பதில் போடவில்லை.

என் தலைக்கனம் என்னை அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று வால்யூம் கடைக்குப் போய், செல்போனில் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் பத்து விநாடி கேட்டுவிட்டு, பல்வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"மைக் ஓட்டைல போட்டப்ப கம்ப்யூட்டர்ல ஒரு டிக் போட்டேன்னு சொன்னீங்களே. பெட்டி மாட்டினதும் அதை எடுத்தீங்களா?"

"எடுக்கணுமா?"

அவர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேச ஆரம்பித்தார். தட்டு வெட்டும்போதே கனமான கீழ்ச் சத்தத்தைக் குறைத்து, கூரான மேல் சத்தத்தைத் தூக்கித்தான் வெட்டுவார்களாம். அப்போதுதான் ஒரு பக்கத்தில் அத்தனை பாட்டு பிடிக்குமாம். அதைத் திருப்பிச் சரிசெய்வது ப்ரீஆம்பின் வேலை. மென்பொருளில் இருந்த அந்த டிக்கும் அதே வேலையைத்தான் செய்யும். நான் ஒரே பாட்டை இரண்டு தடவை சரிசெய்திருக்கிறேன். அதனால்தான் அந்தக் குரலுக்கு அத்தனை கனம்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பவர் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பவர் கண்ணாடியை மாட்டிவிட்டு, உலகம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது பார் என்று கூத்தாடியிருக்கிறேன். என் கடைக்கு வருகிற ஒருவர் இதைச் செய்திருந்தால் ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்குள், டிக்கை எடுத்துவிட்டு மறுபடி பதிவு செய்தேன். தபேலா அடக்கமாக நின்றது. ஆர்மோனியம் முதன்முறையாக ஆர்மோனியம் மாதிரி இருந்தது. அவற்றுக்கு மேல் தனிக்குரல் வந்தது. மெல்லிசாக, கூராக, ஜலதோஷத்தில் லேசாக மூக்கடைத்து. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். "கிளட்ச்! கிளட்ச்!" என்று நாற்பது நாள் என் இடது காதுப்பக்கம் கத்தி எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்தக் குரல்தான்.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. டிக் போட்ட பாட்டையே கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? வால்யூம் சொன்னாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் கடையில் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணுக்கு "இது தெளிவா, அது தெளிவா?" என்று மாற்றி மாற்றிக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நாக்கு கூசியது. என் மனைவி மேடையில் பாடுவதற்கு வீட்டில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் சாயங்காலம் தாங்க முடியவில்லை. எதிரில் உட்கார வைத்து, நடந்ததைச் சொல்லி, புதுப் பதிவைப் போட்டேன்.

முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா" என்றாள். முழுதும் கேட்டாள். கை இரண்டும் மடியில் கிடந்தன.

"எதுக்குங்க அந்தப் பெட்டிய வாங்கினீங்க?" என்றாள் கடைசியில். "மழை சத்தத்தோடயே இருந்திருக்கலாம்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முப்பத்தாறு வருஷம் ஒருத்தி ஒன்றை நம்பியிருக்கிறாள், நான் ஒரு டிக்கை எடுத்து அதைப் பிடுங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

"அக்கா, நான் இல்ல. நீதான். அவர் தப்பா ஏத்திட்டார்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணி கேட்டது நாங்கள் எதிர்பார்க்காதது.

"ஆரம்பத்தை எதுக்கு வெட்டினார்? வெட்டாம போடச் சொல்லு. இரு, நான் வரேன்."

கால் மணி நேரத்தில் டிரைவிங் ஸ்கூல் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணி படியேறினார். பின்னாலேயே சகலை. வந்ததும் டர்ன்டேபிளுக்குப் பின்பக்கம் குனிந்து வயரையெல்லாம் நோட்டம் விட்டார்.

"வெட்டாததுன்னு ஒண்ணு இல்ல அண்ணி. வெட்டினதத்தான் சேமிச்சேன்" என்றேன், திருடன் மாதிரி.

"தட்டு இருக்கில்ல? போடுங்க, தம்பி."

என் மனைவி தட்டை ஓரத்தில் பிடித்து வைத்தாள். மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தில் நான் ஊசியை இறக்கினேன். பாட்டு முடிந்தது. பெட்டிக்குள் அந்தப் பக்கத்து வீட்டு மின்விசிறி மட்டும் ஓடியது. அண்ணி கையை உயர்த்தினார். "இப்ப."

கேட்டது. மிக மெல்லிசாக, மைக்கிலிருந்து தள்ளி நின்று யாரோ வாயைத் திறக்காமல் 'ம்' என்று ஒரு சுருதியைப் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு விநாடி. கனமான, இளம் குரல். பிறகு பாட்டு தொடங்கிவிட்டது. நான் ஊசியைத் தூக்கினேன்.

என் மனைவி அக்காவைப் பார்த்தாள். "அது நானா?"

"நீதான். ரெண்டாவது தடவை பதியறப்ப எனக்குக் காதெல்லாம் அடைச்சிருந்துச்சு. வாத்தியார் ஆர்மோனியத்துல குடுத்தது எனக்கு விழவே இல்ல. அழுகையே வந்துடுச்சு. நீ பக்கத்துல வந்து காதோரமா குடுத்த. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் பாடினேன்."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"உனக்கு எப்படி இருக்கும்? உன்னோடத நீ பாடி முடிச்சிட்ட, அது மட்டும்தான் உனக்கு ஞாபகம்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்றது? நான்தான் பாடினேங்கறதுக்கு ஒரே சாட்சி உன் குரல். நீ எதிர்க்கட்சி. அதுவும் தட்டுல விழுந்திருக்கான்னே எனக்குத் தெரியாது. போட்டுப் போட்டுக் கேட்டு என் தட்டு அந்த எடத்துல தேய்ஞ்சே போச்சு. உன்கிட்ட தட்டைக் கேக்க எனக்கு ரோஷம். இவரும் பாவம், பெட்டி மாத்தி மாத்திப் பார்த்தார்."

சகலை வயரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாலாவதுல கேட்டுடும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அந்த மூன்று படங்கள் நினைவுக்கு வந்தன. அந்த மனுஷனைப் பற்றி இத்தனை நாள் நான் நினைத்ததையெல்லாம் அங்கேயே விழுங்கிவிட்டேன். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் என் மனைவி. போட்டேன். பிறகும் போடச் சொன்னாள். ஐந்தாவது தடவைக்கு அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அந்த இரண்டு விநாடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடைக்கு நீ போக்கா" என்றாள் என் மனைவி, மூக்கை உறிஞ்சியபடி. "பாடினது நீ."

"தனியாவா? எனக்கு இன்னிக்கும் அந்த மொதல் சுருதி பிடிபடாதுடி. எத்தன வருஷமா வீட்ல பாடிப் பாக்கறேன், எங்கியோ ஆரம்பிச்சு எங்கியோ போகுது. நீ குடுத்தாத்தான்."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குடுக்கறேன்" என்றாள். "ஆனா இந்தத் தடவை மைக்குக்குக் கிட்டக்க நின்னுதான் குடுப்பேன்."